திறமூல வன்பொருள் குழுவில் யாருக்கு எந்தப் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மின்னணுக் கருவியை வடிவமைத்து, சர்க்யூட் வரைபடம் முதல் பெட்டி வரை எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்க்கவும் மாற்றவும் தயாரிக்கவும் விற்கவும் திறந்து வைக்க நினைத்தால், அவர்களுக்கான பக்கம் இது. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே கருவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம்: புகைமூட்டக் காலத்தில் வீட்டுக்குள் பிஎம் 2.5 நுண்துகளை அளக்கும் சிறு பெட்டி. 2013 ஜூன் 21 அன்று பிஎஸ்ஐ எனும் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. உள்ளே வைஃபை வசதியுள்ள சிறு கணினியான இஎஸ்பி32 மாட்யூல், 5 வோல்ட்டில் ஓடும் நுண்துகள் சென்சார், யுஎஸ்பி-சி இணைப்பு, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர். வெளியே 3டி பிரிண்டரில் அச்சிட்ட பெட்டி.

மென்பொருள் குழுவை நடத்திய அனுபவம் இருக்கிறது. அதே முறை போதாதா?

பாதிக்குத்தான் போதும். மென்பொருளில் தவறு நடந்தால் அன்று இரவே திருத்தி ஏற்றிவிடலாம். பாகங்களைத் தாங்கும் சர்க்யூட் போர்டுக்கான ஆர்டர் ஒருமுறை தொழிற்சாலைக்குப் போய்விட்டால் திரும்ப அழைக்க முடியாது. சீனாவின் ஷென்சென் பக்கமுள்ள தொழிற்சாலைகளில் சாதாரண இரண்டு அடுக்கு போர்டு செய்ய இரண்டு மூன்று நாள், கூரியரில் இங்கு வர இன்னும் நாலைந்து நாள். பாகம் பொருத்தித் தரச் சொன்னால் மேலும் ஒரு வாரம். போர்டிலுள்ள செம்புக் கோடான தடம் ஒன்று தவறாகப் போனாலும் பணத்தோடு இரண்டு வாரமும் போகும். அந்த இரண்டு வாரத்தில் தொண்டூழியர்களின் ஆர்வமும் வடிந்துவிடும். எங்கள் கணிப்பில் பணத்தைவிடப் பெரிய இழப்பு அதுதான்.

அதனால் பொறுப்புகளைப் பிரிக்கும்போது “யாருக்கு எது பிடிக்கும்” என்று தொடங்காதீர்கள். “எந்தெந்த வேலையைச் செய்தபின் திரும்பப் பெற முடியாது?” என்று தொடங்குங்கள். போர்டு ஆர்டர், பாகம் வாங்குவது, முதல்முறை மின்சாரம் கொடுப்பது, உரிமம் அறிவிப்பது ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. இவை ஒவ்வொன்றிலும் பெயர் சொல்லி ஒருவர் நிற்க வேண்டும். மற்ற வேலைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? என்னென்ன பொறுப்புகள்?

நான்கு பேர் இருந்தால் தொடங்கலாம். ஆறு பேர் வசதி. பத்தைத் தாண்டினால் ஒருங்கிணைப்பே ஒருவருக்கு முழு வேலையாகிவிடும்.

எங்கள் எடுத்துக்காட்டுப் பெட்டிக்குத் தேவையானவை: சர்க்யூட்டும் போர்டும் வரைபவர், வரைந்ததைச் சரிபார்ப்பவர், கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதுபவர், பெட்டி வடிவமைப்பவர், பாகப் பட்டியலையும் கொள்முதலையும் கவனிப்பவர், செய்முறைக் கையேடு எழுதுபவர், ஆட்களை ஒருங்கிணைப்பவர். ஏழு பொறுப்பு என்பதால் ஏழு பேர் வேண்டும் என்பதில்லை. ஃபர்ம்வேர் எழுதுபவரே சரிபார்ப்பவராக இருப்பது மிக நல்ல சேர்க்கை. ஏன் என்பதை ஆர்டர் பற்றிய கேள்வியில் பாருங்கள். கையேடு எழுதுபவரே ஆட்களை ஒருங்கிணைக்கலாம். யார் என்ன செய்கிறார்கள் என்பது அவருக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

சேரக் கூடாதவை இரண்டு. வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது. தன் கோட்டில் உள்ள தவறு தன் கண்ணுக்குப் படாது. பணம் செலவழிப்பவரே செலவுக்கு ஒப்புதல் தரவும் கூடாது. நான்கு பேர் குழுவிலும் இந்த இரண்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

“திட்டத் தலைவர்” என்று ஒருவரை முதல் நாளே நியமிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்டரை அனுப்பும் உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே போர்டை வரையலாமா?

சர்க்யூட் வரைபடத்தில் முடியும், போர்டில் முடியாது.

கீகேட் போன்ற சர்க்யூட் வரையும் மென்பொருளில் வரைபடத்தைத் தனித்தனித் தாள்களாகப் பிரிக்கலாம். மின்சாரப் பகுதி ஒரு தாள், இஎஸ்பி32 ஒரு தாள், சென்சார் இணைப்பு ஒரு தாள். ஒவ்வொரு தாளும் தனிக் கோப்பு என்பதால் ஆளுக்கொரு தாள் கொடுத்தால், எல்லோருடைய மாற்றங்களையும் பதிந்து இணைக்கும் கிட் மென்பொருளில் மோதல் வராது. போர்டு கோப்பு அப்படியல்ல. அது எழுத்துவடிவக் கோப்புதான். ஆனாலும் ஒருவர் ஒரு பாகத்தை நகர்த்த, இன்னொருவர் அதனருகே தடம் இழுக்க, இரண்டையும் கிட் இணைத்தால் கோப்பு திறக்கும். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். சில சமயம் கோப்பே திறக்காது.

ஆகவே போர்டுக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான். “போர்டு இப்போது என்னிடம்” என்று குழுவில் அறிவித்து எடுக்கட்டும், முடித்ததும் ஏற்றிவிட்டு “விட்டுவிட்டேன்” என்று சொல்லட்டும். கிட்டின் பெரிய கோப்புகளுக்கான நீட்சியான எல்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தினால் கோப்பைப் பூட்டும் வசதி அதிலேயே உண்டு. ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாமல் போர்டைப் பிடித்து வைத்திருந்தால் அடுத்தவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விதி வையுங்கள். இந்த விதி இல்லாத குழுக்களில் போர்டு ஒருவருடைய மடிக்கணினியில் வாரக்கணக்கில் தூங்கும்.

எல்லோரும் ஒரே கீகேட் பதிப்பில் இருப்பது கட்டாயம். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. பதிப்பு எண்ணைத் திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஆர்டர் போடும் முன் யார் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். குழுவின் மற்ற ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்தாலும் இங்கே பிடி இறுகியிருந்தால் திட்டம் பிழைக்கும்.

முதலில் கணினி செய்யக்கூடிய சோதனைகள்: வரைபடத்தின் இணைப்புகளைச் சோதிக்கும் இஆர்சி, போர்டின் தடமும் இடைவெளியும் விதிக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் டிஆர்சி. கீகேட் 8 முதல் இவற்றைக் கமாண்ட் வரியிலிருந்தே ஓட்டலாம். ஒவ்வொரு முறை கோப்பு ஏற்றும்போதும் தானாக ஓடும்படி வைத்தால் யாரும் மறக்க முடியாது. தடத்தின் அகலத்தையும் இடைவெளியையும் 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் மலிவான தொழிற்சாலைக்கும் சிரமம் இருக்காது.

அடுத்து ஆட்கள் பார்க்க வேண்டியவை. இங்கே ஒவ்வொருவரும் தன் துறையின் கண்ணால் பார்க்கிறார்.

ஃபர்ம்வேர்காரர் இஎஸ்பி32-இன் கால்களை (இணைப்பு முனைகளை) ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். ஜிபிஐஓ 12 என்ற காலை ரெசிஸ்டர் மூலம் 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைத்தால், பவர் ஏறும் நேரத்தில் மாட்யூல் தன் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் என்று முடிவுசெய்துகொள்ளும், 3.3 வோல்ட் ஃபிளாஷ் உள்ள மாட்யூல் எழும்பாது. ஜிபிஐஓ 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்குப் போய்விடுகின்றன, தொடக் கூடாது. மின்னழுத்தத்தை எண்ணாக்கிப் படிக்கும் ஏடிசி 2 பகுதியின் கால்களில் அனலாக் சென்சாரை மாட்டினால் வைஃபை ஓடும்போது படிக்க முடியாது. சர்க்யூட் வரைபவருக்கு இவை வெறும் காலிக் கால்களாகத் தெரியும். இவற்றின் குணம் ஃபர்ம்வேர் எழுதுபவருக்குத்தான் கைப்பழக்கம். சென்சாரின் டிஎக்ஸ் (தரவு அனுப்பும் கால்) இஎஸ்பி32-இன் ஆர்எக்ஸுக்கு (பெறும் கால்) போகிறதா என்பதையும் அவரே சத்தமாகப் படித்துச் சொல்லட்டும். இது தலைகீழாகப் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பெட்டி வடிவமைப்பவர் போர்டின் 3டி மாதிரியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கட்டும். யுஎஸ்பி வாய் சுவரைத் தாண்டி வெளியே எட்டுகிறதா? இஎஸ்பி32-இன் ஆன்டெனா முனைக்குக் கீழும் பக்கத்திலும் செம்போ திருகோ இல்லாமல் இருக்கிறதா? நுண்துகள் சென்சார் காற்றை இழுக்கும் துளையும் வெளியே விடும் துளையும் பெட்டிக்குள் ஒன்றையொன்று பார்த்தால் அது விட்ட காற்றையே திரும்ப இழுக்கும், அளவு தவறாகும். நடுவே ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். வெப்பநிலை சென்சாரும் உண்டென்றால் அதை இஎஸ்பி32-இலிருந்து தள்ளி வையுங்கள்; மாட்யூலின் சூடு இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டும்.

கொள்முதல்காரர் பாகப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாக எண்ணையும் கடையின் பக்கத்தில் திறந்து, இருப்பு உண்டா, பாகத்தின் உடல் அளவு போர்டில் அதற்கு வரைந்த இடத்தோடு (ஃபுட்பிரின்ட்) பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். அதன்பின் போர்டை 1:1 அளவில் காகிதத்தில் அச்சிட்டு, கையில் உள்ள பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கனெக்டர் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி நிற்பது காகிதத்தில் உடனே தெரிந்துவிடும். ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத இந்தச் சோதனை வேறு எதைவிடவும் அதிகப் போர்டுகளைக் காப்பாற்றும்.

சரிபார்ப்பவர் கடைசியாக, தொழிற்சாலைக்கு அனுப்பும் கேர்பர் கோப்புகளை வேறொரு பார்வைக் கருவியில் திறக்கட்டும். வரைந்த மென்பொருளிலேயே பார்த்தால் போதாது. துளைக் கோப்பு விட்டுப்போவதும், விளிம்புக் கோடு முழுதாக மூடாமல் இருப்பதும் இங்கேதான் பிடிபடும். தொழிற்சாலையே பாகம் பொருத்துவதென்றால், அவர்கள் காட்டும் முன்னோட்டப் படத்தில் டயோடு, ஐசி, மின்தேக்கிகளின் திசையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 90 அல்லது 180 டிகிரி திரும்பியிருப்பது வழக்கம்.

யுஎஸ்பி-சி பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் கேட்க உதவும் அதன் சிசி1, சிசி2 கால்கள் இரண்டுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பில் இரண்டுக்கும் ஒரே ரெசிஸ்டர் பொதுவாக இருந்ததால் சில வகைக் கேபிள்களில் மின்சாரம் வரவில்லை. பின்னர் போர்டைத் திருத்தினார்கள். அத்தனை அனுபவமுள்ள குழுவுக்கே இது நழுவியது. எனவே சரிபார்ப்பைக் கேட்பதும் செய்வதும் யாரையும் சந்தேகிப்பதாகாது என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கிட்டில் ஒரு குறிச்சொல் போட்டு அந்தப் பதிப்பை உறைய வையுங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், கொள்முதல்காரர் மூவரும் “சரி” என்று எழுதியபின் ஒரு நாள் காத்திருந்து ஆர்டர் போடுங்கள். அந்த ஒரு நாளில் யாருக்காவது ஏதாவது நினைவுக்கு வருவது அடிக்கடி நடக்கிறது.

எத்தனை போர்டு வாங்குவது? யாரிடம் இருக்க வேண்டும்?

சிறு ஆர்டருக்குப் பெரும்பாலும் ஐந்துதான் குறைந்தபட்சம். ஐந்தும் வந்ததும் இப்படிப் பிரிக்கலாம்: ஒன்று முதல் மின்சாரச் சோதனைக்கு, இரண்டு ஃபர்ம்வேருக்கு, ஒன்று பெட்டி பொருத்திப் பார்க்க, ஒன்று பாகம் பொருத்தாமல் அப்படியே. கடைசி ஒன்று ஏன் என்று கேட்பார்கள். தடம் எங்கே போகிறது என்று மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்க வெறும் போர்டு கையில் இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொன்றிலும் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எந்த எண் யாரிடம், அதில் என்ன மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கட்டும். 3-ஆம் போர்டில் ஒருவர் வயர் இழுத்து ஒட்டியிருப்பார். அது தெரியாமல் இன்னொருவர் இரண்டு மாலை ஃபர்ம்வேரில் பிழை தேடுவார். பதிப்பு எண்ணைப் போர்டிலேயே வெள்ளை எழுத்தாக அச்சிடுங்கள்.

சிறிய ரெசிஸ்டர், மின்தேக்கிகளை 20 விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள். 0603 எனப்படும் மிகச் சிறிய அளவுப் பாகம் தரையில் விழுந்தால் கிடைக்காது. விலையுள்ள ஐசியில் ஒன்று கூடுதல் போதும்.

பாகங்களை எங்கே வாங்குவது? பணத்தை யார் வைத்துக்கொள்வது?

அவசரத்துக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் இருக்கிறது. ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கனெக்டர், ஸ்விட்ச், வயர், சோல்டர் (பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் உலோகக் கம்பி), சாதாரண ரெசிஸ்டர் எல்லாம் எண்ணி வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் கூட்டத்துக்குத் தேவையானதை முன்பே வாங்கி வையுங்கள். குறிப்பிட்ட பாக எண் வேண்டுமென்றால் இணையத்தில்தான் வாங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. 2023 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும், இங்கு பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கு வந்து சேரும்போது வரியோடு கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். செலவுத் திட்டத்தில் இதை விட்டுவிட்டுப் பிறகு ஒருவர் கைக்காசு போடுவது குழுவுக்குள் மனக்கசப்பை விதைக்கும்.

சீனப் புத்தாண்டை மறக்காதீர்கள். ஷென்சென் தொழிற்சாலைகள் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஓயும். அதற்கு முந்தைய வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் போடுவார்கள். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே போர்டு கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

பணத்துக்கு ஒரே வழி: 50 வெள்ளிக்கு உட்பட்டதைக் கொள்முதல்காரர் தானே வாங்கலாம், அதற்கு மேல் இன்னொருவர் ஒப்புதல் தேவை என்று ஒரு வரம்பு வையுங்கள். ரசீதைப் படம் பிடித்துப் போட்ட ஒரு வாரத்துக்குள் பேநவ்வில் பணம் திரும்ப வந்துவிட வேண்டும். மாணவரைச் சொந்தப் பணம் போட வைக்காதீர்கள்.

போர்டு வந்துவிட்டது. எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள். முதலில் யார் மின்சாரம் கொடுப்பது?

வரைந்தவரும் இன்னொருவரும் சேர்ந்து. ஒருவர் செய்யட்டும், மற்றவர் எழுதட்டும்.

முதலில் மின்சாரமே இல்லாமல், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பவர் சப்ளையில் 5 வோல்ட், கரண்ட் வரம்பு 100 மில்லிஆம்பியர் வைத்துக் கொடுங்கள். வரம்பைத் தொட்டால் உடனே நிறுத்திவிட்டு எந்தப் பாகம் சூடாகிறது என்று தேடுங்கள். 3.3 வோல்ட் சரியாக வந்தபின்தான் சென்சாரை மாட்ட வேண்டும்.

ஃபர்ம்வேர் ஏற்றி வைஃபை தொடங்கும் முன் வரம்பை 500 மில்லிஆம்பியருக்கு மேல் உயர்த்துங்கள். இதை மறந்தால் இஎஸ்பி32 வைஃபை அனுப்பும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்; பழி ஃபர்ம்வேர் எழுதியவர் தலையில் விழும். சென்சாருக்கும் ஓடத் தொடங்கியபின் 30 விநாடி கொடுத்துவிட்டு அளவைப் படியுங்கள்.

புதிதாக வரும் தொண்டூழியருக்கு முதல் வேலையாக எதைக் கொடுப்பது?

செய்முறைக் கையேட்டை மட்டும் கொடுத்து ஒரு பெட்டியைப் பொருத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. புதியவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே கையேட்டில் குறை. அந்தக் குறையைத் திருத்தி ஏற்றுவதே அவருடைய முதல் பங்களிப்பாக இருக்கட்டும். ஒரே மாலையில் அவருக்குக் கருவியும் தெரிந்துவிடும், கிட்டும் பழகிவிடும், குழுவுக்கும் கையேடு சீராகிவிடும்.

அதன்பின் தரும் வேலை எதுவும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் அளவாக இருக்க வேண்டும். “பெட்டியை மேம்படுத்து” என்பது வேலையாகாது. “மூடியின் திருகுத் துளையை 2.5 மில்லிமீட்டரிலிருந்து 2.8 ஆக்கி, அச்சிட்டு, எம்3 திருகு ஏறுகிறதா என்று பார்த்துப் படம் போடு” என்பதுதான் வேலை. என்ன செய்தால் முடிந்ததாகக் கருதப்படும் என்பது அதிலேயே இருக்கிறது.

பள்ளி மாணவர்களைச் சேர்க்கலாமா?

தாராளமாக. பள்ளிகளின் சமூகப் பங்களிப்புத் திட்டமான விஐஏ-வுக்காகச் சிலர் வருவார்கள். மணிநேரத்தைக் கணக்கிடுவதோடு என்ன செய்தார் என்பதையும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அக்டோபர், நவம்பர் தேர்வுக் காலத்தில் அவர்களை எதிர்பார்க்காதீர்கள். ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும்தான் அவர்களுடைய காலம்; பொருத்துவதையும் சோதிப்பதையும் அப்போது வையுங்கள்.

மாணவர்களுக்கு ஈயம் கலக்காத சோல்டரைக் கொடுங்கள். ஈயச் சோல்டர் 183 டிகிரியில் உருகும், கலக்காதது சுமார் 217-இல். பற்றவைப்புக் கோலின் (சோல்டரிங் அயர்ன்) சூட்டைக் கூட்ட வேண்டியிருக்கும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். புகையை இழுக்கும் விசிறி கட்டாயம். படம் எடுத்து வெளியிடுவதற்குப் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ரிசர்விஸ்ட் அழைப்பு வந்து முக்கியமான ஆள் போய்விட்டால்?

இங்கே இது விபத்து அல்ல, நாட்காட்டியில் இருக்கும் விஷயம். தேசிய சேவை முடித்தவர்கள் ஆண்டுக்கு 40 நாள் வரை முகாமுக்கு அழைக்கப்படலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி முடிக்கும் இளைஞர்கள் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவைக்குப் போவார்கள். அழைப்புத் தேதி தெரிந்ததும் குழுவின் பொது நாட்காட்டியில் போடச் சொல்லுங்கள். இராணுவ விவரம் எதுவும் வேண்டாம், “இந்தத் தேதிகளில் இருக்க மாட்டேன்” என்பது போதும்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் துணை ஆள் ஒருவர் இருக்கட்டும். துணை ஆளின் பெயரை எழுதி வைப்பதால் மட்டும் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே அந்த வேலையைச் செய்ய வேண்டும்: ஒரு முறை அவர் கேர்பர் எடுக்கட்டும், ஒரு முறை அவர் ஆர்டர் போடட்டும். கணக்குகளின் கடவுச்சொல், பாகங்கள் உள்ள பெட்டி, போர்டுகள் மூன்றும் ஒருவர் வீட்டில் மட்டும் இருந்தால் துணை ஆள் இருந்தும் கை கட்டித்தான் நிற்பார்.

கைவேலை நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் வருகிறார். கணினி பழக்கமில்லை. எப்படிச் சேர்ப்பது?

இப்படிப்பட்டவர் கிடைப்பது பாக்கியம். 1980, 90களில் இங்குள்ள வட்டு இயக்கி, மின்னணுத் தொழிற்சாலைகளில் டெக்னீஷியனாக இருந்தவர்கள் பலர் இன்று ஓய்வில் இருக்கிறார்கள். ஒரு சோல்டர் புள்ளி மங்கலாக இருப்பதைப் பார்த்தே “இது சரியாகப் பிடிக்கவில்லை” என்று சொல்லிவிடுவார்கள்.

கிட் கற்றுக்கொள்ளச் சொல்லி அவரைச் சோர்வடையச் செய்ய வேண்டாம். வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டுச் சிவப்புப் பேனாவோடு கொடுங்கள். அவர் குறித்ததைப் படம் பிடித்து ஓர் இளையவர் அவர் பெயரிலேயே பதிவேற்றட்டும். இருவரையும் ஜோடியாகப் போட்டுவிட்டால், “அண்ணே, இந்த மின்தேக்கி ஏன் இவ்வளவு பக்கத்தில்?” என்று கேட்டுக் கேட்டே இளையவர் நிறையக் கற்றுக்கொள்வார். தர ஆய்வுப் பொறுப்பை ஐயாவிடமே கொடுக்கலாம்: அவர் சரி சொல்லாத போர்டு பெட்டிக்குள் போகாது.

எங்கே கூடுவது?

வீவக வீட்டின் வரவேற்பறை மூன்று பேருக்குப் போதும்; சோல்டர் புகைக்கும் சத்தத்துக்கும் அங்கே அதற்கு மேல் இடமில்லை. சமூக மன்றத்தில் அறை எடுக்கலாம், ஆனால் சோல்டர் செய்ய அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். சில வட்டார நூலகங்களில் தேசிய நூலக வாரியத்தின் மேக்ஐடி இடங்களில் 3டி பிரிண்டர் பழகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம் என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

3டி பிரிண்டர் பொறுப்பாளருக்கு ஒன்று: இங்குள்ள ஈரப்பதத்தில், அச்சிடப் பயன்படும் பிளாஸ்டிக் இழையான ஃபிலமென்ட்டைத் திறந்து வைத்தால் சில நாட்களிலேயே நீரை உறிஞ்சி, அச்சிடும்போது நூல் நூலாக இழுக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். நனைந்த பிஎல்ஏ வகை இழையை 45 முதல் 50 டிகிரியில் நாலைந்து மணி நேரம் உலர்த்தினால் சரியாகும்.

கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவு செய்வது?

அந்தத் துறையின் பொறுப்பாளர். வாட்ஸ்அப்பில் பேசுவதில் தவறில்லை, ஆனால் முடிவு அங்கே புதைந்துவிடக் கூடாது. என்ன முடிவு, வேறு எதை யோசித்தோம், ஏன் விட்டோம் என்று ஐந்து வரி எழுதித் திட்டக் கோப்பகத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து வருபவர் “ஏன் பேட்டரி இல்லை?” என்று கேட்கும்போது விவாதம் மறுபடி தொடங்காது.

ஃபர்ம்வேரில் வேறுபாடு என்றால் முயன்று பார்த்துவிடலாம். போர்டை மாற்றும் முடிவென்றால் ஏழு நாள் ஆட்சேபத்துக்குக் கொடுங்கள்.

எந்த உரிமம்? என் முதலாளி உரிமை கோர முடியுமா?

வன்பொருளுக்கு, செர்ன் ஆய்வகத்தின் திறமூல வன்பொருள் உரிமமான செர்ன் ஓஎச்எல் இரண்டாம் பதிப்பு நன்றாகப் பொருந்தும். 2020-இல் வந்த இதில் மூன்று வகை உண்டு: மாற்றியவரும் முழுவதையும் திறந்து வைக்க வேண்டும் என்பது எஸ், ஓரளவு தளர்த்தியது டபிள்யூ, நிபந்தனை மிகக் குறைந்தது பி. ஃபர்ம்வேருக்கும் கையேட்டுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். முதல் வெளியார் பங்களிப்பு வரும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்ற ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். திறமூல வன்பொருள் சங்கமான ஓஷ்வாவின் சான்றிதழுக்குக் கட்டணமில்லை. விதிகளுக்கு உட்பட்டிருப்பதாக நீங்களே உறுதியளித்துப் பதிய வேண்டும்.

வேலையின் அங்கமாகச் செய்த படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குத்தான். மின்னணு நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, ஐயமிருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுச் சேரட்டும். அலுவலக மடிக்கணினியில் போர்டு வரைய வேண்டாம். மாணவர்கள் கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்தை அப்படியே கொண்டுவரும் முன் கல்லூரி விதியைப் பார்க்கட்டும்.

குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா?

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள சங்கம் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர் பட்டியல், சந்தா, தலைவர் என்று அமைப்பு உருவாகத் தொடங்கினால் சங்கப் பதிவகத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஏற்கெனவே பதிவான அமைப்பின் கீழ் ஆர்வலர் குழுவாக இயங்குவது எளிய வழி.

230 வோல்ட் நேரடியாக வரும் கருவி செய்யலாமா?

தொண்டூழியர் குழு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பாதுகாப்புக் குறி உள்ள யுஎஸ்பி அடாப்டரை வாங்கி, 5 வோல்ட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் வேலை செய்யுங்கள். லித்தியம் பேட்டரி வேண்டுமென்றால் பாதுகாப்புச் சுற்று உள்ளதை மட்டும் வாங்குங்கள், ஆளில்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள். கருவியை விற்கும் எண்ணம் வந்தால், வைஃபை இருப்பதால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏ-வின் உபகரணப் பதிவு விதிகளை முன்கூட்டியே பாருங்கள்.

யார் பெயரை எங்கே போடுவது?

கிட்டின் பதிவில் கோப்பு ஏற்றியவர் பெயர் மட்டுமே இருக்கும். சோல்டர் செய்தவர், ரோச்சோர் போய்ப் பாகம் வாங்கி வந்தவர், கையேட்டைத் தமிழில் எழுதியவர் யாரும் அதில் இல்லை. பங்களிப்பாளர் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்து, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒருங்கிணைப்பவர் அன்று செய்ததை எழுதட்டும். பெயர் வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். போர்டின் பின்புறம் இடமிருந்தால் அந்தப் பதிப்பில் உழைத்தவர்களின் பெயரை அச்சிடலாம். தொழிற்சாலை அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பதில்லை.

வெளியிட்டாயிற்று. இனி யார் கவனிப்பது?

வெளியிட்ட பதிப்புக்குப் பராமரிப்பாளர் ஒருவரை ஓராண்டுக்கு நியமியுங்கள். காலக்கெடு இல்லாமல் யாரும் இந்தப் பொறுப்பை ஏற்க மாட்டார்கள், ஏற்றாலும் தாங்க மாட்டார்கள். அவருடைய வேலை மூன்று: வரும் பிழை அறிக்கைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் பதில், தெரிந்த குறைகளையும் வயர் இழுத்துச் சரிசெய்யும் முறையையும் படத்தோடு பிழைப் பட்டியலில் சேர்ப்பது, பாகம் ஏதாவது உற்பத்தி நின்றால் மாற்றுப் பாகத்தைச் சோதித்துப் பட்டியலில் எழுதுவது. ஆண்டு முடிவில் அடுத்தவர் கிடைக்காவிட்டால் “இப்போது பராமரிப்பாளர் இல்லை” என்று ரீட்மீயின் மேலேயே எழுதிவிடுங்கள். கோப்புகள் திறந்தே இருப்பதால், தேவைப்படும் வேறொரு குழு அங்கிருந்து எடுத்துச் செல்லலாம். கையில் உள்ள போர்டுகளையும் மீதிப் பாகங்களையும் பட்டியலோடு ஒரே பெட்டியில் போட்டு அந்தக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.